ஊமைக் கல்லுக்கு வந்த வாரிசு

மேற்கு மலைமுகட்டில் ஆவணி மாதத்துச் சூரியன் சாய்ந்துவிட, கீழ்வானத்தில் முழுமதி தலைநீட்டிக்கொண்டிருந்த அந்தி வேளையில், நீலியாற்றுத் துறையை நோக்கிச் செல்லும் பழைய பெருவழியில் இருபது குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. காற்றாய்ப் பறந்திருக்க வேண்டிய குதிரைகள் நின்றுகொண்டிருந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இருமருங்கிலும் மருத மரங்கள் கிளை கோத்துப் பந்தலிட்டிருந்தன. புதுவெள்ளம் பெருகிய ஆற்றின் இரைச்சலோடு தாழம்பூவின் மணமும் கலந்து வந்தது. இந்த எழிலில் ஒரு துளியையும் குதிரைப்படைத் தலைவன் காரி விடங்கன் பார்க்கவில்லை. பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான்.

அவன் கடித்ததில் நியாயம் இருந்தது. முதல் நாள் இரவு, வேங்கைநாட்டுச் சிறையிலிருந்து மருதநாட்டு இளவரசன் தப்பிவிட்டான். சிறைக்காவலின் தலைவன் விடங்கனின் சொந்த அண்ணன் அமுதன். "நாளை உதயத்துக்குள் இளவரசன் என் முன் நிற்காவிட்டால், காவலனின் தலை நிற்காது" என்று மன்னர் சொல்லிவிட்டார். தாயில்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் அவன். இளவரசன் இந்த வழியாகத்தான் ஓடியிருந்தான்; துறையில் படகேறி அக்கரை சேர்ந்தால் மருதநாட்டு எல்லை.

துறைக்கு இன்னும் அரைக் காதம்தான். ஆனால் இடையில் கல்வழியூர் இருந்தது. ஊரைக் காத்து மாண்ட வீரர்களுக்கு அவ்வூரார் பெருவழியோரம் ஐந்து நடுகற்கள் நாட்டியிருந்தார்கள். ஆயுதம் தாங்கியவன் ஒரு கல்லின் கதையைக் கேட்காமல் அதைத் தாண்டக்கூடாது. அந்தக் கதையைச் சொல்லும் உரிமை மாண்டவனின் குடும்பத்துக்கு மட்டுமே உண்டு. இது அவ்வூரின் மாறாத வழக்கம். விடங்கனின் வீரர்கள் அத்தனை பேரும் அவ்வூரில் பிறந்தவர்கள். வழி தெரிந்தவர்களாயிற்றே என்று அவர்களைப் பொறுக்கி எடுத்து வந்த தன் சாமர்த்தியத்தை அவன் இப்போது மனதாரச் சபித்தான். தனியாகப் பாயலாமென்றால், இளவரசனுடன் பன்னிரண்டு வாள்வீரர்கள் இருந்தார்கள்.

முதல் கல்லில், மீட்கப்பட்ட பசுக்கள் முப்பதா நாற்பதா என்று இரண்டு பங்காளிகள் சண்டை பிடித்தார்கள். இரண்டாம் கல்லின் வாரிசுக்குக் காது கேட்கவில்லை. சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டதற்கு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் கல்லின் அம்மாள் அழவேண்டிய இடத்தில் நிறுத்தி, நிதானமாக அழுதுவிட்டுத் தொடர்ந்தாள். நான்காவது கல்லின் குடும்பமோ, "குளித்துவிட்டு வந்துதான் சொல்வோம்" என்று ஆற்றுக்குப் போய், ஆற அமரத் திரும்பி வந்து சொன்னது.

ஐந்தாம் கல்லை நெருங்கியபோது படையின் மூத்த வீரன் ஆதன் ஆறுதலாகச் சொன்னான்: "இது ஊமைக் கல், தலைவரே. கொற்றனார் என்ற துறைக்காவலருக்கு நட்டது. அவருடைய குடும்பம் அறுபது ஆண்டுக்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டது. சொல்ல ஆளில்லை. கும்பிட்டுவிட்டுப் போகலாம்."

"கும்பிடு. சீக்கிரம் கும்பிடு" என்றான் விடங்கன். கல்லின் பக்கம் அவன் ஏனோ திரும்பவே இல்லை.

அப்போது மருத மரத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் வந்து கல்லின் முன் அகல்விளக்கை ஏற்றி வைத்தாள். எளிய நூற்சேலை, ஆனால் நிமிர்ந்த கழுத்து. சுடரின் ஒளி அந்த முகத்தில் விழுந்ததும் வீரர்கள் அத்தனை பேரும் தம்மை அறியாமல் குதிரையை விட்டு இறங்கினார்கள்.

"என் பெயர் நல்லமங்கை. இந்தக் கல்லில் நிற்கும் கொற்றனாரின் பேர்த்தி நான். அவர் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அமருங்கள்" என்றாள்.

வீரர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள். ஊமைக் கல் வாய் திறக்கப்போகிறது என்று அப்படியே மண்ணில் அமர்ந்துவிட்டார்கள். விடங்கனின் முகம் மட்டும் பேயறைந்தது போலாயிற்று. ஏன் என்பதை வாசகர்களிடம் மறைப்பதில் பயனில்லை. கொற்றனாருக்குப் பேர்த்தியே கிடையாது. அவருக்கு இரண்டே பேரர்கள். மூத்தவன் சிறைக்காவல் தலைவன் அமுதன். இளையவன் இதோ பல்லைக் கடிக்கும் விடங்கன்.

கொற்றனார் போரில் சாகவுமில்லை. பகைவர் துறையில் இறங்கிய அன்று கேடயத்தை ஆற்றில் எறிந்துவிட்டு நாணற்புதருக்குள் ஒளிந்துகொண்டார். கேடயம் கரை ஒதுங்கியது. மாண்டுவிட்டார் என்று ஊரார் அழுது கல் நாட்டினார்கள். பத்தாம் நாள் அவர் பசியோடு வீடு திரும்பியபோது கல்லுக்குப் பூசையே நடந்து முடிந்திருந்தது. குடும்பம் அவரை இருட்டோடு இருட்டாக அழைத்துக்கொண்டு தலைநகருக்குப் போய்விட்டது. அங்கே பல்லெல்லாம் உதிரும்வரை வாழ்ந்து, பலாப்பழம் தின்று, இருமலில் இறந்தார். தங்கள் ஊர் எதுவென்று யாரிடமும் சொல்லாமலே பேரர்கள் வளர்ந்தார்கள்.

நல்லமங்கை சொல்லிக்கொண்டிருந்தாள்: "முதல் அம்பு தோளில் தைத்தது. பாட்டனார் சிரித்தார்..."

பாட்டனார் முள் குத்தினாலே மூன்று நாள் படுத்துக்கொள்வார் என்பது விடங்கனுக்குத் தெரியும். பொய் என்று கத்த நாக்கு துடித்தது. கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒளிந்து பிழைத்தவனின் பேரன் என்று தெரிந்தபின் இந்த வீரர்களில் எவன் தன் பின்னால் வருவான்? இரண்டாம் அம்பு, மூன்றாம் அம்பு என்று அவள் ஒவ்வொன்றையும் அனுபவித்துச் சொன்னாள். ஆறாம் அம்புக்கு ஆதன் விம்மினான். ஆத்திரத்தில் விடங்கனுக்குக் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனின் கழுத்து நினைவுக்கு வரும், வாயைத் திறப்பான். வீரர்களின் முகங்களைப் பார்ப்பான், மூடிக்கொள்வான். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒன்பதாம் அம்பு அவருடைய மார்பில்..."

"போதும்" என்றான் விடங்கன். "அந்த மார்பில் ஒரு கீறல்கூட இருந்ததில்லை. அதில் படுத்துத் தூங்கியவன் நான். அவர் என் பாட்டனார்."

பிறகு நாணற்புதரையும், கேடயத்தையும், இருமலையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். ஆதன் மெல்ல எழுந்து மேலிருந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"சாகாதவருக்குக் கதை கிடையாது, தலைவரே. தாண்டலாம். ஏறுங்கள்."

இருபது குதிரைகளும் துறைக்குப் பாய்ந்தன. பாய்ந்து என்ன பயன்? நிலவொளியில் நடு ஆற்றையும் கடந்து ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. இக்கரையில் வேறு படகில்லை. வெள்ளமோ இரு ஆள் ஆழம். விடங்கன் ஈர மணலில் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

பின்னால் காலடி ஓசை கேட்டது. நல்லமங்கை தனியாக நடந்து வந்திருந்தாள்.

"படகில் போகிறவர் என் தமையனார்" என்றாள். "நான் மருதநாட்டு இளவரசி."

வாள்கள் உருவப்பட்டன. விடங்கன் கையமர்த்தினான். "நான் உண்மையைச் சொன்னபோது நீங்கள் மட்டும் வியக்கவில்லை. எங்கள் குடும்பத்தின் இரகசியம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்."

"அந்த இன்னொருவர்தான் சொன்னார். சிறைக்கதவைத் திறந்துவிட்டவரும் அவரே. தமையனாரைப் பார்க்க மாறுவேடத்தில் சிறைக்கு வந்துபோன இந்த ஓராண்டில் அவருக்கு என் மனதும் எனக்கு அவர் மனதும் தெரிந்துவிட்டன. 'துரத்திக்கொண்டு என் தம்பி வருவான், அந்தக் கல்லின் முன் பாட்டனாரைப் புகழ்ந்து பேசு, வெட்கத்தில் வாய் திறக்கமாட்டான்' என்றார். பதினொரு அம்புகள் என்று கணக்கிட்டிருந்தோம். ஒன்பதிலேயே திறந்துவிட்டீர்கள்."

"அண்ணனின் தலை போகும் என்று தெரிந்துமா இதைச் செய்தீர்கள்?"

"தமையனோடு என்னையும் படகேறச் சொன்னார். நான் ஏறவில்லை." இரு கைகளையும் சேர்த்து அவன் முன் நீட்டினாள். "அரசகுலத்துப் பிணைதானே உங்கள் மன்னருக்கு வேண்டும்? கட்டிக்கொண்டு போங்கள். அவர் பிழைக்கட்டும்."

ஒரு வீரன் கயிற்றோடு வந்தான். விடங்கன் அதை வாங்கி ஆற்றில் வீசினான். தன் குதிரையைப் பிடித்துவந்து அவள் முன் நிறுத்திவிட்டு, வாளை நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"இந்த வாளின் மேல் ஆணை. மன்னரிடம் நான் பேசுவேன். அவர் இணங்காவிட்டால், உங்கள் இருவர் தலைக்கும் முன்பு விழுவது என் தலை. இனி எதற்காகவும் வாய்மூடி நிற்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கால் வைத்து ஏறுவதற்காகத் தன் கைகளைத் தாழ்த்திக் குனிந்தான்.

"ஏறுங்கள், அண்ணி. விடிவதற்குள் போய்ச் சேரவேண்டும்."