மாற்று ஆள்

படியோரம் கிடந்த செருப்புகளில் ஒரு ஜோடி மட்டும் நனைந்திருந்தது.

பங்குனி வெயில் இன்னும் தணியாத சாயங்காலம் நாலரை மணி. நெமிலிச்சேரிப் பக்கம் மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்தப் பழைய தோல்செருப்பைச் சுற்றிச் செங்கல் தரையில் ஈரம் படர்ந்து, ஈரத்தின் ஓரம் லேசாக நீலம் பூத்திருந்தது. கிருஷ்ணப்பிரியா தன் செருப்பைக் கழற்றி அதிலிருந்து இரண்டடி தள்ளி விட்டாள். ஏன் தள்ளி விட்டாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவள் கணவன் தமிழ்வாணன் கண்ணில் இதெல்லாம் படாது. பழைய கட்டடம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவுரி பங்களாவை அடுத்த மாதம் இடித்து மனை போடப்போகிறார்கள், அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அவர்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதுதான் தாமதம், அவளை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். போன தீபாவளிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை என்று பதினாறு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு, கால் வீங்கி, பண்டிகை முடிந்தபின் வீடு வந்து சேர்ந்தான். "ஆள் வராம மெஷினை விட்டுட்டு எப்படி வர்றது பிரியா?" என்று அவன் கேட்டதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

மற்றபடி நல்லவன்தான். கல்யாண மண்டபமோ கோயிலோ, கூட்டம் கலைகிறபோது முன்னால் ஓடி, குவியலில் அவள் செருப்பைத் தேடி எடுத்து, அவள் வந்து கால் நுழைப்பதற்கு வாகாகத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றுமே செய்யாதவன் போல நிற்பான். அதற்காகவே அவனை எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவன் வாங்கிய புது ரப்பர் செருப்பு அடிக்கு அடி கீச் கீச் என்று கத்துவதையும் அந்தக் கணக்கில்தான் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்ப வெளியவே உட்டுட்டு வாங்க, உள்ள சாமி வெளக்கு கீது" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் முனியன். வெள்ளைக்காரன் கட்டிய வீடுதான், ஆனால் அவனுக்குப்பின் வாங்கிய குடும்பம் கூடத்தில் முன்னோர் படங்களை மாட்டி விளக்கேற்றி வந்ததால், யார் வந்தாலும் வெறுங்கால்தான்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி அவளுக்குப் பிடிக்கவில்லை. உயரமான உத்தரங்களின் வௌவால் வாடையும், பூட்டிக்கிடந்த அறைகளின் பூஞ்சை வாடையும், அதற்கெல்லாம் அடியில் குளத்தில் இலை அழுகிக் கிடப்பது போன்ற ஒரு புளித்த நாற்றமும் கலந்து அறைக்கு அறை அவள் கூடவே வந்தன. சுவர்களில் சரியாக இடுப்பு உயரத்துக்கு ஒரு நீலக் கோடு வீடு முழுக்க ஓடியது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வந்துவிடுகிறது என்றான் முனியன். மாடிப்படியில் நின்றபோது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தப்... தப்... யாரோ தண்ணீரைப் பலகையால் அறைவது போல, மெதுவாக, அலுப்பாக, ஒரே சீராக. பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்று கேட்டாள். இருந்த கிணறு தான் பிறக்கும் முன்பே தூர்ந்துபோய்விட்டது என்று முனியன் சொன்னான். தமிழ்வாணனுக்கு எதுவும் கேட்கவில்லையாம். அவன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோட்டத்துப் பக்கம் தொட்டிகள் இருப்பதாகவும், தான் பின்வாசலைத் திறந்துவிட்டு அங்கே நிற்பதாகவும், செருப்பை மாட்டிக்கொண்டு சுற்றி வரும்படியும் சொல்லிவிட்டு முனியன் போனான்.

படிக்கு வந்தால் தமிழ்வாணனின் புதுச் செருப்பைக் காணோம். அவர்களுக்கு முன்னால் வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்துபோயிருந்தார்கள், அவர்களில் எவனாவது மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். தமிழ்வாணன் வெறுங்காலோடு இரண்டடி வைத்து, முள் குத்தி, ஒற்றைக் காலில் ஆடினான். தோட்டம் முழுக்க நெருஞ்சி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பீடை போச்சுன்னு விடுங்க. அந்தப் பழசை மாட்டிக்கிட்டு வாங்க, போறப்ப இங்கயே கழட்டிப் போட்டுடலாம்."

அவள்தான் சொன்னாள். அவள் வாயால்தான் சொன்னாள்.

அளவெடுத்துத் தைத்தது போல அந்தச் செருப்பு அவன் காலில் உட்கார்ந்தது. ஜில்லென்று இருக்கிறது என்றான்.

மாமரங்களுக்குப் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு பெரிய தொட்டிகள், காரை பெயர்ந்து, சருகு நிறைந்து கிடந்தன. முனியன் கரையில் குந்தியிருந்தான். மேல்தொட்டியில் அவுரிச் செடியை ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, நீலச் சாயம் திரளும்வரை அடிப்பார்களாம். தொட்டியைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"இடுப்பளவு தண்ணில நின்னுகினு துடுப்பால அடிக்கணும். நடுவுல நிறுத்துனா அத்தனையும் பாழு. அதனால மாத்து ஆளு எறங்காம எவனும் மேல ஏற முடியாது. சுண்ணாம்புத் தண்ணி கால தின்னுடும்னு தொட்டிக்குன்னே ஒரு தோல்செருப்பு. ஏறுறவன் அத கழட்டி வெப்பான். எவன் அத மாட்டுறானோ, அவன்தான் மாத்து ஆளு. ஏறுனவன் மாத்து ஆளோட செருப்ப போட்டுகினு ஊட்டுக்குப் பூடுவான்."

பீடி பற்றவைத்தான். "கடேசியா எறங்குனவனுக்கு ஆளே வர்லன்னு எங்க ஊட்ல சொல்லுவாங்க."

அப்போதுதான் அவன் திரும்பி தமிழ்வாணனின் காலைப் பார்த்தான். பீடி விழுந்தது. அவன் எழுந்து, வேலியோரமாக விறுவிறுவென்று நடந்து, அப்புறம் ஓடினான்.

கிருஷ்ணப்பிரியாவும் அந்தக் காலைப் பார்த்தாள். கழட்டுங்க என்றாள். தமிழ்வாணன் குனிந்து வாரை இழுத்தான். வரவில்லை. அவளும் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தாள். தோல் ஊறி, உப்பி, கணுக்காலோடு ஒட்டிக் கிடந்தது. அவள் விரல் நுனியெல்லாம் நீலம்.

கீச்.

பங்களாவின் முன்பக்கத்திலிருந்து வந்தது.

கீச். கீச். யாரோ படியிறங்கினார்கள். நடக்கப் பழகுகிறவர் போல, நின்று நின்று. சத்தம் வாசல் பக்கம் போய்த் தேய்ந்தது.

"ஏங்க, உங்க செருப்பு" என்று நிமிர்ந்தாள். அவன் பக்கத்தில் இல்லை.

தொட்டிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், ஷிப்டுக்குப் போகிறவன் போல. சருகில் கால் வைத்தான், சருகு அசையவில்லை. தண்ணீர் விலகும் சத்தம் கேட்டது. காய்ந்த தொட்டிதான். சட்டை இடுப்புவரை நனைந்து ஒட்டியது.

அவள் செருப்பைக் கரையில் உதறிவிட்டு வழுக்கும் படியில் இறங்கினாள். அவன் கையைப் பிடித்தாள். குளிர்ந்துபோயிருந்தது. அந்தக் கை அவளையும் சேர்த்துத் தூக்கி, இறக்கியது. தப். மறுபடி தூக்கியது. தப். அவள் இரண்டு கையாலும் அவனைப் படிப்பக்கம் இழுத்தாள்.

"வாங்க. வீட்டுக்குப் போயிடலாம். வாங்க."

அவன் அவளைப் பார்த்தான். தீபாவளியன்று பார்த்த அதே முகம். களைப்பு, கொஞ்சம் வெட்கம்.

"ஆள் வராம எப்படி வர்றது பிரியா?"

தப்.

யாரையாவது கூப்பிட வேண்டும். முனியனை, ரோட்டில் போகிறவர்களை, யாரையாவது. அவள் கையை உருவிக்கொண்டு கரையேறி ஓடினாள். வெறுங்காலில் நெருஞ்சி ஏறியது, தெரியவில்லை. மாமரம். சுவர். தூர்ந்த கிணறு. பின்னால் தப், தப், ஒன்றுகூடத் தவறாமல்.

வாசல் கேட் திறந்திருந்தது. முனியன் இல்லை. பட்டாபிராம் பக்கமிருந்து மின்சார ரயிலின் ஹாரன் கேட்டது. வெளிச்சம் இன்னும் போகவில்லை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அவர்களுடைய ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு ஆள், தமிழ்வாணனின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். காலில் புது ரப்பர் செருப்பு. முழங்கைவரை கருநீலமாக இருந்த கைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் நின்றதும் அவன் நகர்ந்து, பின்சீட்டில் அவளுக்கு இடம் விட்டான்.

அவள் கீழே பார்த்தாள். தொட்டிக் கரையில் உதறிவிட்டு வந்த அவள் செருப்பு ஸ்கூட்டர் ஓரம் இருந்தது. நனைந்து, ஜோடியாக, அவள் வந்து கால் நுழைப்பதற்கு வாகாகத் திருப்பி வைத்திருந்தது.