ஓரக் கறை

அம்பத்தூர் வீட்டில் காப்பி இறங்கிக்கொண்டிருந்தபோது சுவர் பேசியது. எல்லா வீட்டிலும் இருக்கும் தீர்ப்பான்தான். குடும்பத்தில் தகராறு என்றால் யாரும் கத்த வேண்டியதில்லை. இரு பக்கமும் கேட்டு, பழைய அறிஞர் வாக்கு ஒன்றை எடுத்துச் சொல்லி அதுவே முடித்துவைக்கும். மறுப்பவரின் குடும்ப அட்டை முடங்கிவிடும்.

"தாமிரா இன்று மாலை கணவர் இல்லம் திரும்ப வேண்டும்," என்றது, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல. மனைவி வாய் திறக்காத வீடே நிலைக்கும் என்ற கருத்தில் ஓர் இலத்தீன் வரியையும் ஆதாரமாகப் படித்தது.

கணவன் அடித்ததில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்ட தாமிராவின் கன்னத்தில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. அவள் எழுந்து புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?" என்றாள் அக்கா நப்பின்னை.

"அதான் சொல்லிடுச்சேக்கா."

"எவன் சொன்னான்? என்னைக்கோ செத்துப்போனவன்!"

"மெதுவாக்கா, கேக்கப் போகுது."

"நல்லா கேக்கட்டும்!"

நப்பின்னைக்கு வேலையே அந்த வாக்குகள் புறப்படும் இடத்தில்தான். கிரேக்க, ரோமானிய வாக்குகளைத் தொகுத்து ஐரோப்பாவில் அச்சுக்கலையின் தொடக்க காலத்தில் வெளியான அரிய நூல்கள் படங்களாக வரும். தீர்ப்பானுக்கு ஊட்டுவதற்கு முன் அவற்றைத் துடைப்பது அவளுடைய கறைநீக்கப் பிரிவு. பூஞ்சை, மெழுகு, புழு அரித்த துளை என்று அச்செழுத்துக்கு வெளியே தெரிவதையெல்லாம் மென்பொருள் சிவப்பில் வட்டமிடும். ஒப்புதல் கொடுத்தால் மறைந்துவிடும். பெரிதாக்கிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இன்று அலுவலகம் போனதும் அவள் ஆத்திரத்தோடு அந்த வரியைத் தேடி, துடைக்காத மூலப் படத்தை விரித்தாள். வெனிஸ் பதிப்பு. வரியின் பக்கத்து ஓரத்தில் பழுப்பாய் ஒரு நீண்ட கறை. பெரிதாக்கினாள். கறை எழுத்தானது. மொழிபெயர்ப்பியை அதன்மேல் நகர்த்தினாள்.

'இதை எழுதியவன் என் கணவனோடு ஒரு நாள் வாழ்ந்து பார்க்கட்டும்.'

அதன் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில்: 'அம்மாவின் புத்தகம் இப்போது என்னிடம். நானும் வாழ்ந்து பார்த்தேன். இந்த வரி பொய்.'

நப்பின்னை மேலாளர் பொற்செழியனை இழுத்துவந்து திரைமுன் நிறுத்தினாள்.

"கறைன்னா கறைதாம்மா," என்றார் அவர். "வாக்குதான் நமக்கு முக்கியம். படிச்சவங்க கிறுக்கினதெல்லாம் எதுக்கு?"

"கறை பேசுமா சார்?"

"உனக்கு வீட்ல பிரச்சினை. லீவு போட்டுட்டுப் போ."

"எல்லார் வீட்லயும்தான் சார் பிரச்சினை! அடி வாங்கினவ எழுதி வெச்சா அழுக்கு, அடிக்கச் சொல்லிக் குடுத்தவன் எழுதினா வாக்கா?"

அவர் காப்பி குடிக்கப் போனார். நப்பின்னை அந்தக் கறையைத் தேர்ந்தெடுத்து, வகை என்ற இடத்தில் 'உரை' என்று மாற்றினாள். அதுவும் தீர்ப்பானுக்குப் போகும்படி ஒப்புதலை அழுத்தினாள்.

மாலையில் தாமிராவின் கணவன் உதியன் காரோடு வந்தான். "கிளம்பலாமா?" என்றான். தாமிரா பையோடு நின்றாள்.

"தம்பி, இன்னொரு தடவ கேட்டுட்டுப் போங்க," என்றாள் நப்பின்னை.

"தாராளமா கேளுங்க அண்ணி. காலைல சொன்னதையேதான் சொல்லும்."

தீர்ப்பான் இலத்தீன் வரியைப் படித்தது. நிறுத்தாமல், அதே குரலில், ஓரத்தில் இருந்த இரண்டு பெண்களையும் படித்தது.

"முடிவு இல்லை," என்றது கடைசியில். "நீங்களே பேசிக்கொள்ளுங்கள்."

உதியன் சுவரையே பார்த்தான். மனைவியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கேட்டுப் பழகியதே இல்லை. தாமிராவும் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அவளும் சண்டை போட்டுப் பழகியவள் இல்லை. நப்பின்னை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள். இதைத் தாமிராதான் சொல்ல வேண்டும்.

தாமிரா பையைக் கீழே வைத்தாள்.

"வர மாட்டேன்," என்றாள். முதல் முறை சரியாகக் கேட்கவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தெருவே திரும்பும்படி இன்னொரு முறை சொன்னாள்.