ஆற்றுவாசலின் தாழ்மரம்

ஐந்து தலைமுறையாக எங்கள் குடும்பம் காத்த ஆற்றுவாசலுக்கு அன்று மாலை போனேன். நகரத்துத் திருச்சபையின் ஆயர் அந்தக் காவலைத் தன் காரியக்காரன் இங்கோபெர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். விட்டுக்கொடுக்க நான் போகவில்லை.

புனிதரின் எலும்புப் பேழை வரும் படகின் மணி கேட்டால் யாரென்று கேளாமல் கதவைத் திறப்பது எங்கள் நகரத்து வழக்கம்; ஆயரின் ஆணையும் அதுவே. சென்ற ஆண்டு வைக்கிங் கொள்ளையர் அந்தப் படகையே பிடித்து, மணியடித்தபடி லுவார் ஆற்றில் ஏறி வந்தார்கள். என் தம்பி கெரோல்ட் திறந்தான். முதலில் வெட்டுப்பட்டுச் செத்தவனும் அவன்தான். ஊர் அவனைத் துரோகி என்றது; எங்கள் காவல் பறிபோனது அதனால்தான்.

காவலர்கள் சுற்றி நிற்க, இங்கோபெர்ட் கதவில் சாய்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க பெரியவரே! உங்க தம்பி விருந்தாளிங்கள நல்லாத்தான் கூட்டிட்டு வந்தாரு."

"நாக்க அடக்குடா. மணி கேட்டா திறன்னு சொன்னது உங்க ஆயர். அன்னிக்குக் குதிரையேறி ஓடினதும் அவருதான்."

ஆற்றில் மணி ஒலித்தது. மீட்கப்பட்ட பேழையுடன் துறவிகள் திரும்பும் நாள் அது.

"இப்ப பாருங்க, யோக்கியன் எப்படித் திறக்கறான்னு." அவன் கதவின் குறுக்கே கிடந்த தாழ்மரத்தின் அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கினான்.

மரம் அசையவில்லை.

கொள்ளை நடந்த அன்று வீசிய அதே வாடை, ஈரச் சாம்பலும் கருகிய முடியும் கலந்து எழுந்தது.

வெளியே துறவிகள் கத்தினார்கள். "திறங்கப்பா, குளிருது!"

மரம் கீழிறங்கியது. அவன் விரல்கள் மரத்தைத் தாங்கும் கொக்கிக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கின.

"பெரியவரே... யாரோ மேலேருந்து அமுக்கறாங்க."

மரத்தின் மேல் ஈரக் கைத்தடங்கள் பதிந்திருந்தன. ஒன்பது விரல்கள். கெரோல்டுக்கு இடது சுண்டுவிரல் பிறவியிலேயே இல்லை.

நான் அவன் முகத்தருகே குனிந்தேன்.

"என் தம்பி என்ன செஞ்சான்? சத்தமா சொல்லு."

"ஐயோ, கை..."

"சொல்லுடா!"

"மணி கேட்டுத் திறந்தாரு! துரோகம் பண்ணல! வழக்கப்படிதான் திறந்தாரு!"

காவலர்கள் எல்லோரும் கேட்டார்கள். மரம் அவன் விரல்களை விட்டது.

கதவு மட்டும் திறக்கவில்லை. புனிதரையே கிழக்கு வாசல் வழியாகச் சுமந்து போனார்கள்.

காவல் மீண்டும் எங்கள் குடும்பத்துக்கு வந்தது. அந்தி தோறும் நான்தான் தாழ்மரத்தைத் துடைக்கிறேன். ஆற்றில் ஒரு படகும் இல்லாத நாட்களிலும் சில வேளை அந்த மணி கேட்கிறது. மெல்ல நெருங்கி, கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது.

அப்போது, துடைத்த மரத்தின் மேல், ஒன்பது விரல்கள் இறுகுகின்றன.