ஐந்துக்கு அப்புறம் ஏழு

ஐந்தாம் வண்டி பதில் சொல்லி முடித்து, ஏழாம் வண்டி வாயைத் திறப்பதற்குள் யாரோ வயர்லெஸ் பொத்தானை அழுத்தினார்கள். பேசவில்லை. காற்று மோதும் இரைச்சலும், அதற்குள்ளே ஓர் ஆள் மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விடுகிற சத்தமும் கேட்டன, அவ்வளவுதான். பிறகு ஏழாம் வண்டியிலிருந்து கிழவர் ஃபரீத் எப்போதும் போல, "ஏழு ரெடி" என்றார்.

முதல் வண்டியில் உட்கார்ந்திருந்த தெமிர்கான் கையிலிருந்த மைக்கை ஒரு நிமிடம் பார்த்தான். ஃபரீத்தின் கையுறை தடிமன், விரல் எங்கே படுகிறது என்று அவருக்கே தெரியாது, அதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த விமான நிலையத்தின் பனி தள்ளும் வண்டிகளில் ஆறாம் எண் கிடையாது. போன குளிர்காலம் வரை இருந்தது. வண்டியை எங்கோ தள்ளிவிட்டார்கள், அந்த எண்ணை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. எண்ணும்போது ஐந்துக்கு அப்புறம் ஏழு என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. புதிதாக வந்தவன் ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மதியம் இரண்டரை மணி. மேலே வானம் நீலமாகவே இருந்தது, அதுதான் கொடுமை. பனி கொட்டவில்லை. கொட்டிக் கிடந்ததைப் புல்வெளிக் காற்று வாரி எடுத்து, இரண்டு ஆள் உயரத்துக்குத் தரையோடு தரையாக ஓட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தரைப் புரானில், தரையோடு ஓடும் பனிப்புயலில், விமானி மேலிருந்து ஓடுபாதை விளக்குகளை எண்ணிவிடுவான், கீழே இருப்பவனுக்குத் தன் வண்டியின் மூக்கு தெரியாது. ராத்திரியென்றால்கூடத் தேவலை. இருட்டில் விளக்கு போட்டால் ஏதாவது தெரியும், இந்த வெள்ளைக்கு விளக்கு போட்டால் இன்னும் வெள்ளைதான்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரைஸா பேசினாள். தலைநகரிலிருந்து வந்த விமானம் அரை மணி நேரமாகத் தலைக்கு மேலே சுற்றுகிறது, பக்கத்து இரண்டு ஊர்களிலும் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், எரிபொருள் இன்னும் இருபத்தைந்து நிமிடத்துக்குத்தான் வரும் என்றாள். அதில் யார் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதில் தெமிர்கானின் மனைவி ரௌஷன் இருந்தாள். அவள் மடியில் அவன் இன்னும் கண்ணால் பார்க்காத மகன் இருந்தான். பதினொரு வருடம் காத்திருந்து, ஏழாம் மாதத்திலேயே பிறந்து, தலைநகர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்த பிள்ளை. இன்றோடு நாற்பது நாள். இனி நாலு பேர் கண்ணில் காட்டலாம். காலையிலிருந்தே ஃபரீத் விருந்துக் கணக்கு பேசிக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளைக்கு ஓர் ஆடு போதாதாம், ஓர் ஆட்டோடு முடித்துக்கொள்கிறவன் முகத்தில் அவர் முழிக்கவே மாட்டாராம்.

"கிளம்பலாம்," என்றான் தெமிர்கான். ஐந்து வண்டிகள் பின்தொடர, அவன் பனி தள்ளும் தகட்டைத் தரையில் இறக்கினான்.

இந்த வேலையில் யாரும் தரையைப் பார்த்து ஓட்டுவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் முன்வண்டிக்குச் சற்று வலப்புறம் ஒதுங்கிப் படிவரிசையாய்ப் போகும். முதல் வண்டி தள்ளிய பனியை இரண்டாவது வாங்கித் தள்ளும், அதை மூன்றாவது. கடைசியில் ஃபரீத்தின் வண்டி மொத்தத்தையும் வாரி விழுங்கிக் குழாய் வழியே ஓரத்துக்கு விசிறும். முன்வண்டியின் கூரையில் சுழலும் ஆரஞ்சு விளக்குதான் பின்வண்டிக்குக் கண். அந்த விளக்கு எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும். யோசித்தால் வரிசை குலைந்துவிடும்.

தகடு கரகரவென்று இழுத்தது. அவன் இருக்கைக்குப் பின்னால், வண்டியின் வயிற்றில், எஃகு நார் பிரஷ் ஓயாமல் சுழன்று பல் கூசுகிற மாதிரி சீறிக்கொண்டிருந்தது. ஹீட்டரிலிருந்து சூடான ரப்பர் வாடையும் டீசல் வாடையும் வந்தன. பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் விளக்குகள் ஒவ்வொன்றாய் மினுங்கி மறைந்தன. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, கடைசியில் ஃபரீத். வெள்ளை ஒரு கணம் கிழிந்தபோது, ஃபரீத்துக்கும் பின்னால் இன்னொன்று.

அவன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். இருந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழன்றது.

"ஃபரீத் அண்ணே, உங்களுக்குப் பின்னால யாராச்சும் வர்றாங்களா?"

"எனக்குப் பின்னால என் பொண்டாட்டியே வரமாட்டாப்பா. நீ முன்னால பாத்து ஓட்டு."

மற்றவர்கள் சிரித்தது வயர்லெஸ்ஸில் கேட்டது. தெமிர்கானும் சிரித்தான். சிரித்து முடித்ததும் கழுத்துக்குப் பின்னால் வியர்த்திருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தான். ஆனாலும் பார்த்தான். வெள்ளைதான் இருந்தது.

ஆறாம் வண்டியை ஓட்டிய எஸ்பொல்லை நினைக்கக் கூடாது என்றுதான் இந்த ஒரு வருடமாக அவன் பாடுபட்டிருக்கிறான். நினைப்பு கேட்டால்தானே. போன ஜனவரியில், இதே மாதிரி ஒரு புரானில், ஆறாம் வண்டியின் பிரஷில் பனிக்கட்டி இறுகிவிட்டது. புரானில் யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விதி. எஸ்பொல் விதியைச் சொன்னான். தெமிர்கான்தான் விமானம் காத்திருக்கிறது, ரெண்டு நிமிஷ வேலை, ஓரமா ஒதுக்கி இறங்கித் தட்டிட்டு வா என்று விரட்டினான். எல்லாம் முடிந்து வண்டிகளை எண்ணும்போது ஆறு பதில் சொல்லவில்லை. இரண்டு தரம் கூப்பிட்டான். கோபுரம் அவசரப்படுத்தியது. ஏதோ ஒரு விளக்கு தன்னைத் தாண்டிப் போனதாக அவனுக்கு ஒரு நினைப்பு. "ஆறும் வெளியே வந்துட்டுது, ஓடுபாதை காலி," என்று எஸ்பொல்லுக்காக அவனே பதில் சொன்னான்.

விமானம் பத்திரமாக இறங்கியது. ஆறாம் வண்டி ஓடுபாதை ஓரத்தில் டீசல் தீரும் வரை உறுமிக்கொண்டு நின்றதை மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். எஸ்பொல் ஏப்ரலில் கிடைத்தான். ஃபரீத்தின் வண்டி விசிறிச் சேர்த்த பனிமேட்டுக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விசாரணையில் தெமிர்கான், ஆறு பதில் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னான். நம்பினார்கள். சிலர் நம்பியதுபோல நடந்துகொண்டார்கள்.

பதினெட்டு நிமிடத்தில் ஓடுபாதை கறுப்பாய்த் தெரிந்தது. இனி ஒரு நிமிடம் தாமதித்தாலும் காற்று மறுபடி மூடிவிடும். வடக்குக் கோடியில் வெளியேறும் வழி. அங்கே தலைவண்டி ஓரமாய் நிற்க, மற்றவை அதைத் தாண்டி வெளியே போகும். தலைவன் விளக்குகளை எண்ணிவிட்டுக் கடைசி விளக்கின் பின்னால் தானும் வெளியேறி, கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். தெமிர்கான் நின்றான். ஆரஞ்சு வெளிச்சம் அவன் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் கூண்டைத் தடவிக்கொண்டு ஒவ்வொன்றாய்த் தாண்டியது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. பிறகு குழாயும் விசிறியுமாக ஃபரீத்தின் பெரிய வண்டி. ஏழு.

அவன் கியரைப் போடும்போது இன்னொரு வெளிச்சம் தாண்டியது.

அந்தப் பக்கம் அவன் தலையைத் திருப்பவில்லை. திருப்பவே இல்லை. மேலே பிள்ளை சுற்றிக்கொண்டிருக்கிறது, எண்ணிக்கொண்டு நிற்க இது நேரமா என்று வாய்விட்டே சொன்னான். முன்னால் தெரிந்த கடைசி விளக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான்.

வெளியேறும் வழி முந்நூறு மீட்டர்கூட இருக்காது. விளக்கு நிதானமாகப் போயிற்று. அவனும் போனான். ரௌஷன் படியில் இறங்கும்போது காற்று அடிக்கும், பிள்ளையின் முகத்தை மூடியிருப்பாளா என்று யோசித்தான். வாங்கி வைத்த ஆட்டுத்தோல் போர்வையை வீட்டிலேயே மறந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். வயர்லெஸ்ஸில் குரல்கள் வந்தன. இரண்டு வெளியே. மூன்று வெளியே. நான்கு. ஐந்து.

"ஏழு வெளியே," என்றார் ஃபரீத். "எல்லாரும் ஷெட் வாசல்ல நிக்கிறோம். எஞ்சினை அணைச்சாச்சு. எங்கப்பா இருக்கே நீ?"

முன்னால் விளக்கு போய்க்கொண்டே இருந்தது.

தெமிர்கான் கையுறையை ஒதுக்கினான். மணியைப் பார்த்தான். கிளம்பி நான்கு நிமிடம் ஆகிவிட்டது. ஜன்னலில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தான். கறுத்த தார். அதன் நடுவே, ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு, வெள்ளைக் கோடு. சக்கரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. வெளியேறும் வழியில் மஞ்சள் கோடுதான். வெள்ளை நடுக்கோடு ஓடுபாதைக்கு மட்டும்தான்.

ஓடுபாதையின் நடுவில் இருந்தான்.

மைக்கைப் பிடுங்கி அழுத்தினான். "ரைஸா, இறக்காதே, நான் உள்ளே இருக்கேன்." அவன் குரல் வெளியே போகவே இல்லை. இணைப்பை வேறு யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் கோபுரத்தில் ஒருவர் குரல்தான் கேட்கும். காற்று மோதும் இரைச்சல். மூக்கால் இழுத்து, வாயால் விடும் மூச்சு.

"முதல் வண்டி," என்றாள் ரைஸா. "தெமிர்கான் அண்ணே, சீக்கிரம் சொல்லுங்க. அவங்க இறங்க ஆரம்பிச்சாச்சு."

அந்த மூச்சு நின்றது. பேசியது.

"முதல் வண்டியும் வெளியே வந்துட்டுது," என்றான் எஸ்பொல். அவசரமே இல்லாத குரல். "ஓடுபாதை காலி."

"நன்றி அண்ணே," என்றாள் ரைஸா. அழுகிறாள்போல இருந்தது. நிம்மதியில்தான்.

தெமிர்கான் கத்தினான். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, ரௌஷன் பேரைச் சொல்லி, பேர் வைக்காத பிள்ளையை மகனே என்று கூப்பிட்டுக் கத்தினான். கேட்க ஆள் இல்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் வளைத்து, மிதித்த மிதியில் வண்டி பாய்ந்தது. ஓரத்துக்குப் போய்விட்டால் போதும். ஓரத்துக்கு மட்டும். தகடு பனிமேட்டில் இடித்து ஆழமாய்ச் செருகிக்கொண்டது. வண்டி துள்ளியது. எஞ்சின் இருமி அணைந்தது.

முன்பாதி பனிமேட்டுக்குள். பின்பாதி, பத்து மீட்டர் இரும்பு, ஓடுபாதையின் மேல்.

சாவியைத் திருப்பினான். கிர்ர் என்றது. மறுபடி திருப்பினான். கிர்ர்.

இறங்கி ஓடலாம். ஓடினால் அவன் பிழைப்பான். வண்டி ஓடாது. அது இங்கேதான் கிடக்கும், ரௌஷன் வருகிற வழியில். கை கதவுப் பிடியில் இருந்தது. இன்னொரு கை சாவியில். இரண்டையும் அவனால் விட முடியவில்லை. கிர்ர்.

எஞ்சின் ஓசை இல்லாத கூண்டுக்குள் அப்போதுதான் அது கேட்டது. டங். பின்னாலிருந்து. டங். இரும்பில் இரும்பு. அவசரமில்லாமல், இடம் பார்த்து, டங்.

கண்ணாடியில் பார்த்தான். வண்டியின் வயிற்றருகே குனிந்து, முழங்கால் வரை பனியோடு, தொப்பியில்லாத ஓர் ஆள் பிரஷின் மேல் இறுகியிருந்த பனிக்கட்டியைக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், வெள்ளைக்குள், தாழ்வாக, இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"மகனே," என்றான் தெமிர்கான். சாவியைத் திருப்பினான்.

அந்த ஆள் தலையை நிமிர்த்தவில்லை. வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே இடக்கையை மட்டும் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினான். ரெண்டு நிமிஷம்தான் என்பதுபோல. பிறகு மறுபடி தட்டத் தொடங்கினான்.