சூராவிலிருந்து வந்த ஜெபநூல்

“அப்பாவ நாளைக்கு நீக்கிடுவாங்க ஐயா,” என்றாள் துர்ஃபா.

எகிப்தின் ஃபுஸ்தாத் நகர யூதர்களின் வழக்குகளை விசாரிக்கும் அல்லூன் நாணற்பேனாவைக் கீழே வைத்தார்.

அவள் தந்தை யெஃபெத், பாலஸ்தீன வழக்கப்படி நடக்கும் ஜெப ஆலயத்தில் ஜெபம் நடத்துபவர். வாரந்தோறும் ஜெபப் பாடல்களைப் புதிதாகக் கட்டிப் பாடுவார். எல்லா ஊரிலும் ஒரே ஜெபம் ஒலிக்கட்டும் என்று பாபிலோனில் சூரா கல்விச்சாலையின் ஆசான்கள் வரிசைப்படுத்திய நூலோடு, அங்கேயே படித்தவன் என்று சொல்லிக்கொண்டு மெவஸ்ஸர் வந்திருந்தான். நாளை ஓய்வுநாளில் பாபிலோன் வணிகர்கள் முன்னால் அதை வாசித்துவிட்டால், யெஃபெத்தின் இடம் அவனுக்கு. இன்று விடிந்தபோது நூல் யெஃபெத்தின் ஆலயத்தில் சாம்பலாகக் கிடந்தது; பழி யெஃபெத் மேல் விழுந்தது.

“எரிக்கக் காரணம் உங்கப்பாவுக்குத்தானே இருக்கு?” என்றார் கலஃப். மிளகு வியாபாரி; கடையை விட்டுவிட்டு அல்லூனோடு திரிபவர்.

“கடவுள் பேர் எழுதின தோல் ஏட்டை அவரா எரிப்பார்?”

மூவரும் கிளம்பினார்கள். வழியில், பாபிலோன் வழக்கப்படி ஜெபிக்கும் பாபிலோன்காரர்களின் ஆலயத்தில் பாய்கள் விரித்தபடியே கிடந்தன.

“‘இஸ்ரவேலே கேள்’ ஜெபத்தை நாம எழுந்து நின்னு சொல்றோம். இவங்க சொகுசா உக்காந்தே சொல்லிடுறாங்க,” என்றார் கலஃப். “என் முட்டிக்கு இந்த ஆலயந்தான் லாயக்கு.”

“முட்டியை மட்டும் அனுப்பிவையும்,” என்றார் அல்லூன்.

யெஃபெத்தின் ஆலயத்தில் சபைப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். யெஃபெத் தலை நிமிரவில்லை. அல்லூன் மெவஸ்ஸரிடம் திரும்பினார்.

“விடியக்காலை எங்க இருந்தீங்க?”

“பாபிலோன்காரங்க ஆலயத்துல. ‘இஸ்ரவேலே கேள்’னு எல்லாரும் எழுந்து நின்னப்போ பெரிய விளக்கு அறுந்து விழுந்துச்சு. யாரை வேணும்னாலும் கேளுங்க.”

“விளக்கு விழுந்தது நிஜம். கடைத்தெருவே அதைத்தான் பேசுது. நீங்களும் அங்கதான் கேட்டிருக்கீங்க. ஆனா அங்க யாரும் எழுந்து நிக்கல. உக்காந்துதான் சொல்லுவாங்க. தினம் நடக்கறதை யாரும் கதையாச் சொல்றதில்ல. அதனால தெரியாத பகுதியை, நின்னு சொல்ற உங்க பழக்கத்தை வெச்சு நிரப்பிட்டீங்க. சூராவிலயும் உக்காந்துதான். அங்க ஒரே ஒரு நாள் காலையில இருந்திருந்தாலும் இந்தத் தப்பு வந்திருக்காது.”

“அப்போ நூல்?” என்றார் கலஃப்.

“அதுவும் பொய்தான். நாளைக்கு வாசிச்சா, சூரா ஜெபம் தெரிஞ்ச வணிகர்கள் கண்டுபிடிச்சிடுவாங்க. இவரே எரிச்சுட்டா வாசிப்பு இல்ல. பழி யெஃபெத்துக்கு, இடம் இவருக்கு.”

மெவஸ்ஸர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

“நாளைக்கு நீங்களே நடத்துங்க,” என்று பெரியவர்கள் யெஃபெத்திடம் சொன்னார்கள். அவர் குனிந்து சாம்பலைத் தன் போர்வையில் அள்ளத் தொடங்கினார்.

“பொய் நூல்தானேப்பா?”

“அதுல இருக்கிற கடவுள் பேர் பொய்யில்லையேம்மா. மரியாதையாப் புதைக்கணும்.”

மறுநாள் பாபிலோன் வணிகர்கள் வந்தார்கள். யெஃபெத் ‘இஸ்ரவேலே கேள்’ என்று தொடங்கியதும் சபை எழுந்து நின்றது. வணிகர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். இரு பக்கத்திலிருந்தும் ஒரே சொற்கள் எழுந்தன.