சிலந்திக்கூடு ஒட்டிய பலஃபோன்

1978ஆம் ஆண்டு வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெல்பேர்னில் யாராவில் என்ற பகுதியில் ஒரு பழைய பலகை வீட்டுக்குக் குடிபோனோம். மூன்று சூட்கேஸ், ஒரு தையல் மெசின், மனைவி சத்தியபாமா, மூன்றரை வயது மகள் ராதா. வீட்டுக்குள் ஈரமும் சவர்க்காரமும் கலந்த மணம் அடித்தது. யன்னல்களைத் திறந்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

பின்வளவில் உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று தனியாக நின்றது. எத்தனையோ தரம் வர்ணம் பூசிப் பூசி அதன் கதவு நிலையோடு ஒட்டிப்போயிருந்தது. பூட்டின் திறப்பு தொலைந்துவிட்டது, அதைத் திறக்கத் தேவையில்லை என்றார் வாடகைக்குக் கொடுத்த முகவர். ஒருவர் தேவையில்லை என்று சொன்னால்தான் எனக்கு அது தேவையாகத் தோன்றும். அது என் பிறவிக் குணம், அதற்கு மருந்தில்லை.

ராதா பேசுவதில்லை. காது நன்றாகக் கேட்கும். ஆனால் சிரித்தாலும் அழுதாலும் அவள் தொண்டையிலிருந்து சத்தம் வராது. பிள்ளைகள் வைத்தியர் நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், காத்திருங்கள் என்றார். நான் எஞ்சினியர். காத்திரு என்பதை ஒரு விடையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பாமா காத்திருந்தாள். காலையில் பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுக்கும்போதும் சோறு தீத்தும்போதும் ‘அம்மா சொல்லு, அம்மா சொல்லு’ என்று கெஞ்சிக்கொண்டே இருப்பாள். அதைக் கேட்கப் பொறுக்காமல் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பிரன்ஸ்விக்கில், பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியங்கள் செய்கிற ஒரு சின்னக் கொம்பனியில் எனக்கு வடிவமைப்பு வேலை. மேற்கு ஆபிரிக்காவின் பலஃபோனை, பிள்ளைகள் போட்டு அடித்தாலும் உடையாத விதமாக நவீனமாய்ச் செய்து தரச்சொன்னார் முதலாளி. பலஃபோன் என்பது வரிசையாகக் கட்டிய மரச்சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்தின் கீழும் ஒரு சுரைக்குடுவை தொங்கும். கோலால் தட்டினால் சட்டம் ஒலிக்கும், குடுவை அந்த ஒலியைப் பெருக்கும். குடுவையில் ஒரு துளை இருக்கும். சிலந்தி தன் முட்டைகளைப் பொதிந்து வைக்கிற வெள்ளைக் கூட்டை உரித்து, அந்தத் துளையை மூடி ஒட்டுவார்கள். அந்தச் சவ்வு அதிர்ந்து, வண்டு இரைவதுபோல ஓர் இரைச்சலைச் சேர்க்கும். இரைச்சல் இல்லாவிட்டால் அது வெறும் கட்டை.

மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடிநார்ச் சட்டம் போட்டேன். சுரைக்குடுவைக்குப் பதிலாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய், பதினான்கு. சுருதி அச்சொட்டாக வந்தது. இரைச்சல்தான் வரவில்லை. பாண் சுற்றி வருகிற பை, சிகரெட் கடதாசி, வரைபடக் கடதாசி எல்லாம் ஒட்டிப் பார்த்தேன். அளவெடுக்கத் தன் சொந்தப் பலஃபோனை இரவல் தந்திருந்தவர் பேர்னாட், விவசாயம் படிக்க வந்த கானா நாட்டுக்காரர். என் குழாய்களைத் தட்டிக் கேட்டுவிட்டு, “இது இருமுகிறது. இன்னும் பேசவில்லை,” என்று சிரித்தார்.

பட்டறையின் கடைசல் சத்தத்தில் ஒரு சவ்வின் இரைச்சலைச் சோதிக்க முடியாது. சில நாள் வீட்டிலிருந்தே சோதிக்க முதலாளியிடம் கேட்டு, இரண்டு வாத்தியங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குசினிக்கு அடுத்த அறையில் வைத்தேன். சிலந்திக்கூடுதான் வேண்டுமென்றால் அவுஸ்திரேலியாவில் அதற்கா பஞ்சம்? சனிக்கிழமை காலை உளியை எடுத்துக்கொண்டு போய்த் தோய்க்கிற அறையின் கதவைப் பெயர்த்தேன்.

உள்ளே யன்னல் இல்லை. தண்ணீர் கொதிக்க வைக்கிற செப்புக் கிடாரம் ஒன்றும் சீமெந்துத் தொட்டி ஒன்றும் இருந்தன. வீட்டுக்குள் அடித்த அதே சவர்க்கார மணம் இங்கே மூக்கை அடைத்தது. கூரையில் ஒரு சிலந்திக்கூடுகூட இல்லை. மூலைகளிலும் இல்லை. கதவின் உட்பக்கத்தில் மட்டும், என் இடுப்பளவு உயரத்தில், ஒரே வரிசையாக வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தன. திறப்புத் துவாரத்தைச் சுற்றி அடை அடையாக இருந்தன. அதற்குக் கீழே, சின்ன விரல்கள் சுரண்டினதுபோல, கதவில் வர்ணம் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது.

ஏன் அந்த இடத்தில் மட்டும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்குப் பதினான்கு தேவைப்பட்டது, எண்ணி உரித்தேன்.

ஒட்டிக் காயவிட்டு முதல் சட்டத்தைத் தட்டியபோதே எனக்கு மயிர் கூச்செறிந்தது. குழாய் இரைந்தது. பாமா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இதென்ன, ஆரோ மூக்காலை கதைக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

அவள் அதைச் சொல்லும்போதே இரண்டு குழாய்கள் லேசாக இரைந்தன. அதில் பேய் ஒன்றும் இல்லை, பௌதிகம்தான். பக்கத்தில் யாராவது பேசினால், அந்தக் குரலின் சுருதிக்குப் பொருந்துகிற குழாய் தானாக அதிரும். இதை நான் பாமாவுக்குப் பத்து நிமிடம் பெருமையாக விளக்கினேன். அவளுக்கு அடுப்பில் பருப்பு இருந்தது.

திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பாமா படுத்திருந்தாள். ராதா மேசைக்குக் கீழே இருந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் குறிப்புப் புத்தகத்தில் அளவுகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் பேசவில்லை.

ராதா பேசுவதில்லை.

நாலாவது குழாய் இரைந்தது.

பிறகு ஆறாவது. பிறகு ஐந்தாவது, இரண்டு தரம். நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் அதே ஒழுங்கு. காற்று என்று யன்னல்களைச் சாத்தினேன். குளிர்ப்பெட்டியின் அதிர்வு என்று அதன் வயரைக் கழற்றினேன். நாலு, ஆறு, ஐந்து, ஐந்து. புத்தகத்தில் எழுதிவிட்டுப் பார்த்தேன். ஒருவரைக் கூப்பிடும்போது குரல் ஏறி இறங்குமே, அந்த ஏற்ற இறக்கம்தான் அது. குரல் எங்களுக்குக் கேட்கவில்லை, சவ்வுக்குக் கேட்கிறது. இந்த அறைக்குள் யாரோ பேச, அதைக் கேட்க நான் காது செய்து வைத்திருக்கிறேன்.

ராதா மேசையடியிலிருந்து தவழ்ந்து வந்தாள். ஐந்தாவது குழாயில் வாயை வைத்தாள்.

“ம்ம்ம்,” என்றாள்.

பிறந்து மூன்றரை வருடத்தில் அவள் எழுப்பிய முதல் சத்தம் அது. பாமா எழும்பி ஓடிவந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் என் கண் குழாய்களை விட்டு அகலவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் குழாய்கள் இருந்த அறைக்குப் போகத் தோன்றியது, போனால் வெளியே ஓடத் தோன்றியது. பிள்ளையோ அந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். அவை இரையும், அவள் முனகுவாள், அவை பதில் இரையும்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பேர்னாட் தன் வாத்தியத்தைப் பார்க்க வந்தார். கூடுகளை எங்கே எடுத்தாய் என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் கதவைக் காட்டினேன். கதவின் உட்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

“என் அப்பா எப்போதும் அடுப்படிச் சுவரில்தான் எடுப்பார். ஆட்கள் புழங்குகிற இடத்தில். பூட்டிக் கிடந்த அறையில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது,” என்றார். “வாத்தியத்தில் பிழையில்லை. நீ ஒட்டினதில்தான் பிழை. கழற்றிவிடு.”

தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. தன் பலஃபோனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் உளியை எடுத்ததும் பாமா அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் கழட்டினால் அவள் திரும்ப வாயை மூடிப்போடுவாள். ஒரு கிழமை விடுங்கோ.”

“அது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது, பாமா.”

“ஆராயிருந்தாலும் என்ரை பிள்ளையோடை கதைக்குது. நாங்கள் மூண்டு வருசமாய்க் கதைச்சு என்னத்தைக் கண்டம்?”

வெள்ளிக்கிழமை வரை என்று சொல்லி உளியைக் கீழே வைத்தேன். அந்தக் கோழைத்தனத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கே வெளியே இருண்டுவிட்டது. மாரிகாலத்தில் மெல்பேர்ன் அப்படித்தான். நானும் பாமாவும் குசினியில் நின்றோம். ராதா அடுத்த அறையில். சவர்க்கார மணம் திடீரென்று கூடியது. யாரோ நனைந்த உடுப்போடு பக்கத்தில் வந்து நிற்பது போல இருந்தது.

குழாய்கள் இரைந்தன. நாலு, ஆறு, ஐந்து, ஐந்து. இதுவரை கேட்காத பலத்தில்.

நான் அறைப்பக்கம் ஓட எத்தனித்தேன். பாமா என் கையைப் பிடித்தாள். ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள்.

“பொறுங்கோ. எண்ணுவம்.”

எங்கள் ஊரில், இருட்டுப்பட்ட பிறகு வாசலில் ஒரு குரல் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லமாட்டோம். பேய் மூன்று தரம் கூப்பிடாது என்பார்கள். மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது மனுசர், பயமில்லாமல் பதில் சொல்லலாம். பாமா அந்தக் கணக்கோடு வளர்ந்தவள். படித்த எஞ்சினியரான நான் மட்டும் என்ன? கொழும்பில் விடுதியில் இருந்த காலத்திலும், மூன்றாம் அழைப்புக்கு முன் நான் கதவு திறந்ததில்லை.

இரண்டாம் தரம் இரைந்தது. பாமா இரண்டு விரல் காட்டினாள்.

அமைதி. தாச்சியில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அத்தோடு நின்றுவிட வேண்டும் என்று நான் எல்லாக் கடவுளையும் கும்பிட்டேன்.

மூன்றாம் தரம் இரைந்தது.

“பாத்தீங்களே,” என்று பாமா கிசுகிசுத்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “மனுசப் பிள்ளைதான்.”

இந்த நாட்டில் செத்தவர்களுக்கு எங்கள் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவர்கள் எத்தனை தரமும் கூப்பிடுவார்கள். இது என் மண்டையில் உறைத்து, அவள் வாயைப் பொத்த நான் கையை எடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“ஓம், பிள்ளை. வா. உள்ளுக்கு வா.”

பதினான்கு குழாய்களும் ஒன்றாக இரைந்தன. மேசையில் கோப்பைகள் கிலுங்கின. என் பற்கள் கூசின.

நின்றது.

சவர்க்கார மணம் இல்லை. குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த வீடு வெறும் வீடாக மணத்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பதினான்கு சவ்வுகளும் கிழிந்திருந்தன, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக. ராதா நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பாண் தின்றுகொண்டிருந்தபோது அவள் பேசினாள். முனகல் இல்லை, முழு வசனம். இந்த நாட்டுப் பிள்ளைகளின் இழுவையோடு, சுத்தமான ஆங்கிலத்தில். இன்றைக்கும் இன்னும் திங்கட்கிழமைதானா என்று கேட்டாள்.

நாங்கள் வீட்டில் அவளோடு ஆங்கிலம் பேசியதே இல்லை. எங்களுக்கு முந்தின காலத்தில் இங்கே திங்கட்கிழமைதான் உடுப்புத் தோய்க்கும் நாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

“ரேடியோ கேட்டுப் பழகியிருப்பாள்,” என்றாள் பாமா. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வைத்தியருக்கு டெலிபோன் எடுத்தாள். வேலையைத் தொடாமல் நானும் அன்று பகல் முழுவதும் அதை நம்பினேன். பொய் சொல்லமாட்டேன், சந்தோசமாகத்தான் இருந்தது. பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று ஏங்கிக் கிடந்தவனுக்கு அது எந்தப் பாஷை என்பது பெரிதாகப் படவில்லை.

பின்னேரம் பாமா பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். எல்லாத் தாய்மாரும் கேட்பதுபோல, “ராதா எங்கை? என்ரை ராதா எங்கை?” என்று கேட்டாள். பிள்ளைகள் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுமே, அதற்காக.

பிள்ளை யன்னல் பக்கம் திரும்பினாள். கையை நீட்டி, பின்வளவில் இருந்த தோய்க்கிற அறையைக் காட்டினாள்.

பாமா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கதைக்கிறாள்தானே,” என்றாள். “எனக்கு அது போதும்.”

நான் வளவுக்கு ஓடினேன். பெயர்த்த கதவு அரைவாசி திறந்தபடி நின்றது. உள்ளே போய் இருட்டில் நின்று ராதா, ராதா என்று கூப்பிட்டேன். தொட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினேன். கிடாரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கதவில் மிச்சமிருந்த கூடு ஒன்றை உரித்து, வாய்க்கு முன்னால் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கேட்டேன். அது அதிரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடும் பிள்ளைக்குரலும், பாமா சிரிப்பதும்தான் கேட்டன.

பதில் வராது. வந்தவள் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெளியே வந்தாள். என் பிள்ளைக்குக் கூப்பிடத் தெரியாது.

இருட்டில், என் காற்சட்டையின் முழங்காலடியை ஒரு சின்னக் கை பிடித்து இழுத்தது.