பனிச்சுவரின் அடியில் ஒரு ஜாக்கெட்

"இதற்கு மேல் படகை விடமாட்டேன்!" என்று இன்ஜினை அணைத்தான் மாலிக்.

எதிரே பனியாறு! மலையிலிருந்து இறங்கி வந்து, கடலைத் தொடும் இடத்தில் பத்து மாடிக் கட்டடம்போல நீலச் சுவராக நின்றது. இந்தச் சுவர் பாளம் பாளமாக உடைந்து விழுவதைக் கிட்டத்தில் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கிரீன்லாந்துக்கு வருகிறார்கள். விழுந்தால் கைதட்டுவார்கள். போன கோடையில் அப்படிக் கைதட்டிக்கொண்டிருந்தபோது எழும்பிய அலையில், சுற்றுலாப் படகின் வேலையாள் ஒருவன் கடலுக்குள் போனான். பெயர் ரீகன். தமிழ்நாட்டுக் கடலோர ஊரான மணப்பாட்டுக்காரன். உடல் கிடைக்கவில்லை.

அவனைத் தேடித்தான் அண்ணன் இன்னாசியும் அக்கா டெல்பினாவும் வந்திருந்தார்கள். உடம்பு வராமல் மாதா கோயிலில் சாவு மணி அடிக்கக் கூடாது என்று ஊரில் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

உள்ளூர்க்காரனான மாலிக் கிளம்பும்போதே இங்கிலீஷில் சொன்னான்: "எங்கள் கடல் வெறும் ஐஸ் தண்ணீர். இந்தக் குளிரில் உடம்பு அழுகி ஊதாது, அதனால் மூழ்கியது மேலே வராது."

கப்பல் வேலை பார்த்த இன்னாசிக்கு அது நன்றாகவே புரிந்தது. சிரிப்புதான் வந்தது. ஊரில் கரை ஒதுங்கிய உடல்களைத் தன் கையால் தூக்கியவன் அவன்.

"எனக்கே பாடம் எடுக்கான் பாரு! கடல் எதையும் வச்சுக்கிடாதுட்டி. மூணாம் நாள் கரையில தள்ளிரும். இவனும் எங்கயோ ஒதுங்கித்தான் கெடப்பான்."

"அண்ணே, அந்தா!"

டெல்பினா காட்டிய இடத்தில், சுவரின் அடியில், கற்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கிடந்தது!

மாலிக் தடுக்கத் தடுக்க ரப்பர் படகை இறக்கித் துடுப்புப் போட்டான் இன்னாசி. சுவர் முனகியது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அள்ளிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பினான். ஜாக்கெட்! காலருக்குள் அம்மா சிவப்பு நூலில் தைத்த சிலுவை அப்படியே இருந்தது.

"போதும்ண்ணே, இதைப் பொட்டியில வச்சு அடக்கம் பண்ணிருவோம்" என்று அழுதாள் டெல்பினா.

"சட்டை இங்க இருக்குன்னா ஆளும் பக்கத்துலதாம்ட்டி இருப்பான்!"

"ஜிப்பைப் பார்!" மாலிக் கத்தினான். "திறந்திருக்கிறது. ஜாக்கெட் மிதந்து வந்தது. ஆள் கழன்று கீழே போய்விட்டான். போகாதே!"

ரப்பர் படகின் கயிறு டெல்பினாவின் கையில் இருந்தது. அவள் பிடித்த பிடியை விட்டிருக்காவிட்டால் அண்ணன் போயிருக்க முடியாது. அம்மாவின் முகத்தை நினைத்தாள். கயிற்றை விட்டாள்.

இன்னாசி மறுபடி துடுப்புப் போட்டுப் போய், கற்களில் ஏறிக் குனிந்து தேடத் தொடங்கினான். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். சுவரின் பாதி அப்படியே சரிந்தது!

"அண்ணே! ஓடியாண்ணே!"

கடல் மலையாக எழும்பியது. மாலிக் இன்ஜினை முடுக்கி, படகின் மூக்கை அலைக்கு நேரே வைத்தான். டெல்பினா அவன் தோளை அடித்தாள், கடித்தாள். படகு ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. ஓய்ந்தபோது கற்கள் இருந்த இடமே தெரியவில்லை. எங்கும் வெள்ளை நொறுங்கல். நடுவே ரப்பர் படகு குப்புற மிதந்தது.

தூரத்தில் ஒரு சுற்றுலாப் படகு நின்றது. அதில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கீழே ஆள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

டீசல் தீரும்வரை தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள்.

மணப்பாட்டில் ஊரே கடற்கரையில் கூடி, தனியாகத் திரும்பிய டெல்பினாவை எதிர்கொண்டது. ஜாக்கெட் கிடைத்ததை மட்டும் போனில் சொல்லியிருந்தாள்; இன்னாசியைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊருக்கு, போன காரியம் ஜெயம், ரீகனின் ஜாக்கெட் வந்துவிட்டது! அம்மா காலரைப் புரட்டிச் சிலுவைக்கு முத்தம் கொடுத்தாள்.

"இன்னாசி எங்கட்டி?"

சொன்னாள். கயிற்றை விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். அம்மா திட்டவில்லை, அழவும் இல்லை. ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்தாள்.

"மூணு நாள் பொறுட்டி. ரெண்டு பேரையும் கொண்டாந்து தள்ளிரும்."

அந்தக் கடல் வேறு, அது எதையும் திருப்பித் தராது என்று சொல்ல டெல்பினா வாயெடுத்தாள். அவ்வளவு தூரம் போய் அவள் தெரிந்துகொண்டு வந்தது அது ஒன்றுதான். அதையும் சொல்லாமல், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.